அக்காவுக்குத் தண்ணி, எனக்குக் காத்து

கடலை வேண்டாம் அண்ணாச்சி, நீங்க சாப்பிடுங்க. தப்பா எடுத்துக்காதிய. ஒரு காலத்துல மதுரையில பஸ் ஏறுனா அருப்புக்கோட்டை வர்றதுக்குள்ள ரெண்டு பொட்டலம் தீத்துருவேன். இப்பம் வர்ற வியாழக்கிழமை வரைக்கும் என் வயித்துக்கு நான் எசமான் இல்ல. ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்ததுதான் உள்ள போகணும்.

வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். எனக்குச் சீக்கு ஒண்ணும் கிடையாது. என் ஈரல்ல பாதிக்கு மேல அறுத்து எங்க அக்காவுக்கு வைக்கப் போறாவ. நீங்க முழிக்காதிய, ஈரல் திரும்ப வளந்துருமாம். ரெண்டு மாசத்துல வளந்துரும்னு டாக்டர் சொல்லுதாவ. உடம்புல வேற எந்த உறுப்புக்கும் அந்தக் குணம் கிடையாதாம்.

அது கிடக்கட்டும். முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஜன்னல் ஓரம், பச்சைச் சேலை. தெரியுதா? அவதான் என் வீட்டுக்காரி ஜெயக்கனி. ஒரே பஸ்ல ஏறிட்டு அவ அங்கன, நான் இங்கன. எங்கிட்டப் பேசி அம்பது நாளாச்சு. தப்பு யாரு மேலன்னு நீங்கதான் சொல்லணும். ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, பாதியில சொல்லாதிய.

எம்பேரு பால்துரை. தூத்துக்குடியில, துறைமுகம் போற ரோட்டுல, எடை மேடையில வேலை. உப்பு லாரி, கரி லாரி எல்லாம் மேடையில ஏறி நிக்கும், நான் கேபின்ல இருந்து எடை பாத்துச் சீட்டு அடிச்சுக் குடுப்பேன். பதினெட்டு வருஷம் ஒரே நாற்காலி. லாரி ஏறி இறங்குச்சு, நான் உக்காந்தே இருந்தேன். தொண்ணூத்தாறு கிலோ ஆயிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. நல்லா இருக்கேன்னுதான் சொன்னாவ.

எங்க அக்கா அன்னத்தாய் கோவில்பட்டிப் பக்கம் அங்கன்வாடியில டீச்சர். எனக்கு நாலு வயசு மூப்பு. அத்தான் இறந்து போயி ஆறு வருஷம் ஆச்சு. ஒரே மக இந்துஜா, பதினாறு வயசு, பிளஸ் ஒண்ணு படிக்குது. அக்கா ஒரு சொட்டு குடிச்சவ இல்ல, ஒரு எண்ணெய்ப் பலகாரம் திங்க மாட்டா. அவளுக்குப் போயி ஈரல் சுருங்கிட்டு. உடம்பே தன் ஈரலைத் தானே அரிக்கிற வியாதியாம். கண்ணு மஞ்சளாச்சு, காலு வீங்குச்சு, அப்புறம் வயித்துல தண்ணி கோக்க ஆரம்பிச்சுது. மாத்து ஈரல் வைக்காட்டி ஆறு மாசம் தாண்டுறது கஷ்டம்னு மதுரையில சொல்லிட்டாவ. செத்தவங்க ஈரலுக்குப் பேரு பதிஞ்சு வச்சோம். அந்த வரிசை நகருறதுக்குள்ள அக்கா போயிருவா. மக சின்னப் பிள்ளை, பதினெட்டு ஆகாமக் குடுக்க முடியாது. மிச்சம் நான்தான். ரத்த குரூப்பு ஒண்ணு. நான் தாரேன்னு உடனே சொல்லிட்டேன். வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்னு கூடச் சொல்லல. அதுல என்ன கேக்குறதுக்கு இருக்கு? அக்கா இல்லா?

ஸ்கேன் எடுத்தாவ. டாக்டர் படத்தைப் பாத்துட்டு, உங்க ஈரல் பூராவும் கொழுப்பு, இதை வச்சா உங்க அக்காவுக்கும் பிடிக்காது, மிச்சத்தை வச்சு நீங்களும் பிழைக்க முடியாது, பத்து வாரத்துல பன்னெண்டு கிலோ இறக்குங்க, கொழுப்புக் கரைஞ்சாப் பாப்போம்னுட்டாவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பதினெட்டு வருஷம் நான் உக்காந்து தின்ன தீனி எங்க அக்கா உசுரை மறிச்சுக்கிட்டு நிக்கி.

அன்னைக்கே சோத்தை விட்டேன். சீனியை விட்டேன். ஆஸ்பத்திரியில ஒரு தாள் குடுத்தாவ, அதுல போட்டது போக நானும் போன்ல தேடிப் பாத்துச் சேத்துக்கிட்டேன். காலையில முளைகட்டின பயறு ஒரு கும்பா. மத்தியானம் முட்டைக்கோசு, காலிஃபிளவர், கொண்டக்கடலை. சாயங்காலம் பச்சை வெங்காயமும் முள்ளங்கியும். பசிக்கும் அண்ணாச்சி. அந்த வயித்துக்குப் பழக்கமா இருந்தது மூணு தட்டுச் சோறு. கேபின்ல உக்காந்தா எதுத்தாப்புல புரோட்டாக் கடை, சால்னா வாசம் நேரே மூக்குக்கு வரும். அதுக்கு மெடிக்கல் ஸ்டோர்ல ஒரு மிட்டாய் வாங்கி வச்சுக்கிட்டேன். சீனி இல்லாத மிட்டாய், சின்ன டப்பாவுல வரும், புதினா ருசி. பசி எடுத்தா ஒண்ணை வாயில போட்டுக்கிடுவேன். அது என்ன சாப்பாடா? வாய்க்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் நல்லாப் போச்சு. ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சுது. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரத்துல வயிறு கிளம்பும். கிளம்பும்னா எப்படி? லாரி டயருக்குக் காத்து அடிச்ச மாதிரி. சட்டைப் பட்டன் தெறிக்கும். தட்டிப் பாத்தா மத்தளம். நெஞ்சுக்குழி வரைக்கும் ஏறி நின்னு மூச்சை அடைக்கும். ஏப்பம் வந்தா விட்டுரலாம், வராது. கீழேயும் போகாது, மேலேயும் போகாது. கேபின் கதவைச் சாத்திட்டுத் தரையில குப்புறப் படுத்துக் கிடப்பேன். வெளியில லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பான்.

ஓம வாட்டர் குடிச்சேன். பெருங்காயத்தை மோருல கரைச்சுக் குடிச்சேன். சீரகத் தண்ணி, இஞ்சிச் சாறு, பூண்டைச் சுட்டு. ஒரு லாரிக்காரரு சொன்னாருன்னு சோடா வாங்கி உப்புப் போட்டுக் குடிச்சேன், அன்னைக்கு நான் செத்துப் பிழைச்சேன். ஒண்ணுக்கும் கேக்கல.

டேப்பு எடுத்து அளந்தேன். ஜெயக்கனி ரவிக்கை தைக்கிற டேப்பு. காலையில நாப்பத்திரெண்டு இஞ்ச். சாப்பிட்ட பொறவு நாப்பத்தஞ்சரை. தினம் அளந்தேன், தினம் அப்படித்தான். எடை குறைஞ்சுதான்னு கேக்கியளா? எடை நாலு கிலோ குறைஞ்சிருந்தது. ஜெயக்கனி அதைத்தான் சொன்னா, எடை இறங்குதுல்லா, பொறவு எதுக்கு அந்த டேப்பைக் கட்டிக்கிட்டு அழுதியன்னு. நான் நம்பல. எடை எப்படியெல்லாம் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாதா? உப்பு நனைஞ்சா ஒரு எடை, காஞ்சா ஒரு எடை. பதினெட்டு வருஷம் பாத்தவன். வயிறு கண்ணுக்கு முன்னால வளந்துக்கிட்டு நிக்கி, கொழுப்புக் கரையுதுன்னு நான் எப்படி நம்ப?

இதுக்கு நடுவுல அக்காவைப் பாக்கப் போனேன். ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் நிறைமாசம் மாதிரி. பத்து நாளைக்கு ஒருக்க ஊசி குத்தி நாலு லிட்டர், அஞ்சு லிட்டர்னு தண்ணி எடுப்பாவ, திரும்பக் கோத்துக்கிடும். நான் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போயிருந்தேன். கட்டில் பக்கத்துல நின்னேன். அவ கையை நீட்டி என் வயித்தைத் தொட்டுப் பாத்தா. அந்தக் கண்ணு மஞ்சளுக்குள்ள ஒரு சிரிப்பு.

"ஏலே, உனக்கும் ஊசி குத்தி எடுக்கணுமா?"

இந்துஜாவும் சிரிச்சுது, நானும் சிரிச்சேன். வராண்டாவுக்கு வந்து நின்னு அழுதேன். அக்கா வயித்துல தண்ணி, என் வயித்துல காத்து. அவளுக்காவது எடுக்க ஒரு வழி இருக்கு.

இப்பம் ஜெயக்கனி விசயத்துக்கு வாரேன்.

அவளுக்கு இதுல முழு மனசு கிடையாது. அதை நான் தப்புன்னு சொல்லல. ரெண்டு பிள்ளைய, பதினொண்ணு ஒண்ணு, எட்டு ஒண்ணு. ஆரம்பத்துலயே ஒரு தடவை கேட்டா, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இந்தப் பிள்ளையளை வச்சுக்கிட்டு எங்க போவேன்னு. ஒண்ணும் ஆகாதுன்னேன். அதுக்கு மேல அவளும் கேக்கல. காலையில எந்திரிச்சுப் பயறு ஊற வைக்கதும் காய் நறுக்கதும் அவதான். மத்தியானம் தூக்குவாளியில சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வெயில்ல ரெண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வருவா.

மூணாவது வாரம் ஒருநாள், நான் குளிச்சிட்டு வாரேன், அடுப்படியில அவ அம்மாகிட்டப் போன்ல பேசிக்கிட்டு இருக்கா. எடை குறையாட்டி வேண்டாம்னு சொல்லிருவாவளாம் அம்மா, குறையாம இருந்துட்டாத் தேவலைன்னு இருக்குங்கா. இதை என் காதால கேட்டேன்.

நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன நினைப்பிய?

நான் உடனே ஒண்ணும் நினைக்கல. ஆனா அந்தச் சொல்லு உள்ள போயி உக்காந்துக்கிட்டு. வயிறு ஊதும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். சமையல் அவ கையில இருக்கு. நான் தின்னுறது அவ குடுக்குறது. தின்ன பொறவுதான் ஊதுது. ரெண்டையும் ரெண்டையும் கூட்டுனா என்ன வரும்? இதுல ஒருநாள் அவளா வந்து, அந்த மிட்டாயை விட்டுப் பாருங்களேன், அதைத் தின்ன ஆரம்பிச்ச பொறவுதான் உங்களுக்கு இப்படின்னா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. சரிதான், மிட்டாயைப் பிடுங்கிட்டா பசி தாங்காம இவன் சோத்துல விழுந்துருவான்னு பாக்கான்னு நினைச்சேன். அன்னையில இருந்து ரெண்டு டப்பாவா வாங்குனேன். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தஞ்சு மிட்டாய் போகும்.

அந்த வாரமே ரெண்டு நாள் ஒண்ணுமே சாப்பிடாம இருந்தேன், மிட்டாயும் தண்ணியுமா. அப்பமும் ஊதுச்சு. அதுலயாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும், வரல. ரெண்டாவது நாள் கேபின்ல எந்திரிச்சுச் சீட்டு நீட்டுனவன் அப்படியே சாஞ்சுட்டேன். உப்பு லாரி டிரைவரு தூக்கி உக்கார வச்சு முகத்துல தண்ணி தெளிச்சாரு. ஸ்கேனுக்கு அப்பம் நாப்பத்தாறு நாள்தான் பாக்கி. நான் தோத்தா அக்கா போயிட்டா. வேற கணக்கே கிடையாது. படுத்தா அதே நினைப்பு, எந்திரிச்சா அதே நினைப்பு. அந்த நிலைமையில மனுசன் புத்தி எப்படி வேலை செய்யும் அண்ணாச்சி?

மறுநாள் மத்தியானம் அவ தூக்குவாளியோட வந்தா. வேர்த்து ஒழுகுது. மூடியைத் திறந்தா. காலிஃபிளவரும் கொண்டக்கடலையும். நான் மோந்து பாத்தேன். கரண்டியால கிண்டிப் பாத்தேன். அவ என்னன்னு கேட்டா.

"முதல்ல நீ சாப்பிடு"ன்னேன்.

அவளுக்கு முதல்ல புரியல. நான் சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்கன்னா. நான் திரும்பச் சொன்னேன். என் முகத்தைப் பாத்தா. ஸ்டூல்ல உக்காந்தா, தூக்குவாளியை மடியில வச்சா, சாப்பிட ஆரம்பிச்சா. ஒரு வாய் போதும்னு நான் சொன்னேன். அவ நிறுத்தல. அவ்வளவையும் சாப்பிட்டா. அடியில கிடந்த கடலை வரைக்கும் பொறுக்கித் தின்னுட்டு, குழாயில கழுவி, சைக்கிள்ல மாட்டிக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு லாரிக்காரங்க பாத்துக்கிட்டு நின்னாவ.

அதுல இருந்து பேச்சு இல்ல. சமையல் நிக்கல, சாப்பாடு நிக்கல. ஆனா ஒவ்வொரு தடவையும், காலையிலயும் சரி ராத்திரியிலயும் சரி, என் தட்டுல வச்சதும் அதுல இருந்து ஒரு கை எடுத்துத் தான் வாயில போட்டு மென்னு முழுங்கிட்டுத்தான் தட்டை என் பக்கம் நகட்டுவா. பிள்ளைய பாத்துக்கிட்டு இருக்கும். நான் வேண்டாம்னு சொல்லலாம்தான். சொல்லல. ஒரு ஜாக்கிரதைக்கு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். நான் கையை ஓங்கினவன் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை சொன்னது கிடையாது. முதல்ல நீ சாப்பிடுன்னு சொன்னேன். அதுல என்ன வசவு இருக்கு?

ஊதுறது மட்டும் நிக்கல. அவ சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன், அவ வயிறு நல்லா இருக்கு, என் வயிறு மட்டும் ஊதுது.

ஆறாவது வாரம் கடைசியில ஆஸ்பத்திரியில டயட்டீசியன் பொண்ணைப் போய்ப் பாக்கச் சொன்னாவ. இருபத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணாடி போட்ட பிள்ளை. மூணு நாளு சாப்பிட்டது எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கன்னு முன்னாலயே சொல்லியிருந்துச்சு. நான் ஒண்ணு விடாம எழுதிட்டுப் போனேன். அது படிச்சுது. பயறும் கடலையும் கோசும் ஒரேயடியா இவ்வளவு ஏத்தியிருக்கீங்க, வேகவேகமா முழுங்குறீங்க, ஊதத்தான் செய்யும், ஆனா இவ்வளவு ஊதக் கூடாதேன்னு யோசிச்சுது. நான் பேசப் பேச என் வாயையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"வாயில என்ன சார்?"

மிட்டாயிம்மா, சீனி இல்லாததுதான்னேன். டப்பாவை வாங்கித் திருப்பி, பின்னால எறும்பு மாதிரி இருக்க எழுத்தைப் படிச்சுது. ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேட்டுச்சு. முப்பதுன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டுது. சீனிக்குப் பதிலா அதுல போடுற இனிப்பு முழுசாச் செரிக்காதாம், குடல்ல போயிப் புளிச்சுக் காத்தாத் திரளுமாம், ஒண்ணு ரெண்டுன்னாப் பரவால்ல, முப்பதுன்னா யானைக்கும் ஊதும்னுச்சு. அதோட இன்னொண்ணும் சொல்லுச்சு. சார், ஊதுனது காத்து, கொழுப்பு இல்ல, நீங்க டேப்புல அளந்தது காத்தைத்தான், எடை ஏழு கிலோ இறங்கியிருக்கு, நீங்க நல்லாத்தான் பண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னு.

மிட்டாயை நிறுத்துனேன். கடலையைக் குறைச்சு, ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு நல்லா வேக வச்சு, கோசுக்குப் பதிலாச் சுரைக்காய், பீர்க்கங்காய். அஞ்சு வேளையாப் பிரிச்சு மென்னு சாப்பிட்டேன். நாலே நாளு. வயிறு அமந்துட்டு. அஞ்சாவது நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு நாற்காலியில சும்மா உக்காந்திருந்தேன், மூச்சு சாதாரணமா வந்துச்சு. அது ஒரு பெரிய வரம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஜெயக்கனிகிட்டச் சொன்னேனான்னு கேக்குதிய. சொன்னேன். மிட்டாயை விட்டுட்டேன்னு சொன்னேன். அவ வேற பக்கம் பாத்துக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டுனா. அதுக்கு மேல என்ன சொல்ல? நீ சொன்னதுதான் சரின்னு சொல்லலாம். சொல்லணும்னு ரெண்டு மூணு தடவை அடுப்படி வரைக்கும் போனேன். அவ பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்தா. தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஸ்கேன் எடுத்தாவ. எடை எண்பத்து மூணரை. கொழுப்புக் கரைஞ்சிருக்கு, எடுக்கலாம்னு டாக்டர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாவ. அக்காவுக்கும் இனிமேத் தாங்காது, இதுதான் கடைசித் தவணைன்னும் சொன்னாவ. ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. குடுக்குறவன் பொண்டாட்டி சம்மதம் வேணும். உறுப்பு தானத்தை விசாரிக்கிற கமிட்டி முன்னால வந்து, கேமரா முன்னால அவ சொல்லணும், கையெழுத்துப் போடணும்.

இன்னைக்குக் காலையில அதுதான் நடந்துச்சு. அம்பது நாளு பேசாத பொம்பளை, அந்த அறைக்குள்ள போயி எனக்குச் சம்மதம் இல்லைன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். பத்து வாரப் பட்டினியும் போச்சு, அக்காவும் போயிட்டா. வராண்டாவுல உக்காந்திருக்கும்போது கேட்டுரலாமான்னு பாத்தேன், கேக்கல.

உள்ள மூணு பேரு. காசு வாங்கினியளா, யாரும் கட்டாயப்படுத்துனாவளான்னு என்கிட்டக் கேட்டாவ. இல்லைன்னேன். அவகிட்டக் கேட்டாவ. அவிய அக்கா, அவிய குடுக்காவ, எனக்குச் சம்மதம்னா. எனக்கு உசுரு வந்துச்சு. அப்பம் நடுவுல இருந்த பெரிய டாக்டரம்மா, ஆபரேஷனுக்குப் பொறவு மூணு மாசம் கனம் தூக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கணும், யாரு பாத்துக்குவாங்கன்னு கேட்டாவ. என் வீட்டுக்காரிதான்னேன். பாத்துக்குவீங்களாம்மான்னு அவளைக் கேட்டாவ.

அவ சேலை முந்தியை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. பொறவு டாக்டரம்மாவைப் பாத்துச் சொன்னா.

"நான் பாத்துக்கிடுவேன். நான் குடுத்தா அவிய சாப்பிடுவாவளான்னு கேளுங்க."

மூணு பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாவ. கேமராவுல அந்தச் சிவப்புப் புள்ளி எரியுது. நான் என்ன செய்ய? எனக்கு அந்தத் தூக்குவாளி, அந்த ஸ்டூலு, அந்த ரெண்டு லாரிக்காரங்க முகம், எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்து நிக்கி. சாப்பிடுவேன்னு சொன்னேன். சத்தம் வரல. டாக்டரம்மா, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, பதிவாகணும்னாவ. சாப்பிடுவேன்னு இன்னொரு தடவை சொன்னேன். அவ பேனாவை எடுத்துப் பா. ஜெயக்கனின்னு நிதானமா எழுதுனா.

பாருங்க அண்ணாச்சி, வீட்டு விசயத்தை அந்த மூணு பேரு முன்னால கொண்டு போயி வைக்கலாமா? எங்கிட்ட நேரே கேட்டிருக்கலாம்லா? நான் சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருப்பேன். எப்படியாவது சொல்லியிருப்பேன்.

என்ன பஸ் நிக்கி? பந்தல்குடியா? பத்து நிமிஷம் நிப்பான், நீங்க டீ குடிக்கணும்னா இறங்கிக்கிடுங்க. இருங்க, இருங்க. அவ எந்திரிக்கா. இங்கனதான் வாரா.

…கேட்டியளா? மணி ஒண்ணரை ஆச்சுன்னா. எங்கிட்டத்தான் சொன்னா, நீங்களும் கேட்டியள்ளா? சாப்பாட்டு டப்பாவை என் மடியில வச்சுட்டுப் போயிட்டா. பாருங்க, இட்லியும் சுரைக்காய்க் கூட்டும். முழுசா இருக்கு, ஒரு விள்ளல் எடுக்கல, அப்படியே குடுத்திருக்கா.

நான் சாப்பிடுதேன். பாருங்க, சாப்பிடுதேன். எனக்குக் கண்ணு மறைக்கி, அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. அவ சீட்டுல போயி உக்காந்துட்டாளா? இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காளா?